கைக்குழந்தைக்குக் கிருமிக் காய்ச்சல் ஏன் வருகிறது, யாருக்கு வரும்?

மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவருடைய அக்காவின் பிள்ளை 34 கிழமையில் 1.9 கிலோவுடன் பிறந்தது. 24ஆம் நாள் பால் குடிக்காமல் சோர்ந்துபோய், இரத்தத்தில் பற்றீரியாக் கிருமி என்று வார்ட்டில் வைத்து இரண்டு கிழமை ஊசி போட்டார்களாம். பிள்ளை இப்போது சுகம். கேட்கும் தங்கச்சி ஏழு மாதக் கர்ப்பிணி. நாலு வயது மூத்தவனுக்கு ஒவ்வொரு மாரிக்கும் சிரங்கு. "கிருமி எங்கேயிருந்து வந்தது, யாருடைய பிழை, என் பிள்ளைக்கும் வருமா, மூத்தவனைப் பிள்ளைக்குக் கிட்ட விடலாமா?" என்பது கேள்வி.

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகள் வார்ட்டில் 28 வருஷம் தாதியாக நின்றவள். பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பிழைக் கதையை முடித்துவிடுவோம். இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்தால் கடைசியில் தாயின் தலையில்தான் விழும். "குளிர்ந்த தண்ணியில் குளித்தாய், ஐஸ்கிறீம் சாப்பிட்டாய், அதுதான் பிள்ளைக்கு வந்தது" என்பார்கள். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆபத்துக் காரணி என்று டொக்டர்மார் சொல்வதை வயல் வரம்போடு வைத்துப் பாருங்கள். வெள்ளம் எல்லா வயலுக்கும்தான் வருகிறது. வரம்பு மெலிந்த இடத்தில் முதலில் உடைக்கிறது. வரம்பு எங்கே மெலிவு என்று தெரிந்தவன் அந்த இடத்தில் இரவு காவல் நிற்பான், அவ்வளவுதான் விஷயம்.

அக்காவின் பிள்ளைக்கு வரம்பு எங்கே மெலிந்தது? மாதம் நிறையாமல் பிறந்ததில். தாயின் உடம்பிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். 34 கிழமையில் பிறந்த பிள்ளை அந்தச் சீதனத்தில் ஒரு பங்கை விட்டுவிட்டு வந்திருக்கிறது. தோலும் மெல்லிசு. நிறை குறைந்த பிள்ளைக்கு, அதாவது 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு, உறிஞ்சிக் குடிக்கவும் பலம் போதாது. சில நாட்கள் பி.பி.யு.வில், அதாவது மாதம் நிறையாத பிள்ளைகளுக்கான வார்ட்டில், சேலைனும் குழாயும் போட்டு வைத்திருப்பார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதும் அந்தக் குழாய்தான், கிருமிக்கு வாசல் திறந்துவிடுவதும் சில நேரம் அதே குழாய்தான். இரண்டும் உண்மை.

பிறந்த குழந்தைக்கு வரும் தொற்றை இரண்டாகப் பார்ப்பார்கள். முதல் மூன்று நாளுக்குள் வருவது பெரும்பாலும் தாயின் பிறப்புப் பாதையிலிருந்து வந்தது. பி வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ், ஈ கோலை போன்ற கிருமிகள். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பல பெண்களிடம் ஒரு கரைச்சலும் இல்லாமல் குடியிருக்கிறது. நோயும் இல்லை, அசுத்தமும் இல்லை. பன்னீர்க்குடம் உடைந்து 18 மணித்தியாலத்துக்கு மேல் ஆகியும் பிள்ளை பிறக்காவிட்டால், பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தால், பன்னீர் நாற்றமாக வந்தால், அப்போதுதான் அந்தக் கிருமி பிள்ளையைப் பிடிக்க வழி பெரிதாகிறது. மூன்று நாளுக்குப் பிறகு வருவது வீட்டிலிருந்தோ வார்ட்டிலிருந்தோ வரலாம்: தொட்ட கை, தொப்புள், போத்தல், குழாய். அக்காவின் பிள்ளைக்கு வந்தது இந்த இரண்டாவது வகை.

இது பரம்பரை நோய் இல்லை. அக்காவுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று எந்தக் கணக்கும் இல்லை. ஆனால் அக்கா அடுத்த பிள்ளைக்குப் போகும்போது இதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும். கிருமி பி வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்றால் அடுத்த பிரசவத்தில் வலி தொடங்கியதும் தாய்க்கே ஊசி போடுவார்கள். ஆகவே டிஸ்சாஜ் துண்டை வெற்றிலைத் தட்டுக்குக் கீழே போட்டு மறக்காமல் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

சரி, இனி நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு மார்கழி மாதம். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து 17 நாள் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். வந்தது பிள்ளைக்காக இல்லை, தாய்க்கு மார்பு கட்டி நோ என்று. அம்மம்மா பிள்ளையைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, "மிஸ், எங்கட பிள்ளை தங்கமான பிள்ளை, ரெண்டு நாளா ஒரு அழுகை இல்ல, எழுப்பினாலும் எழும்பாம நித்திரை" என்று பெருமையாகச் சொன்னார். தாயின் மார்பு ஏன் கட்டியது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை குடிக்கவில்லை. துவாயை விலக்கிக் காலைத் தொட்டேன், வாவித் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. கமக்கட்டில் தேமோமீற்றர் வைத்தால் 35.1. காய்ச்சலே இல்லை. அந்தப் பிள்ளைக்கு இரத்தத்திலும் கிருமி, மூளை உறையிலும் கிருமி. மூன்று கிழமை வார்ட்டில் கிடந்து பிழைத்துப் போனது.

இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். பெரிய பிள்ளைக்குக் கிருமி என்றால் உடம்பு கொதிக்கும். கைக்குழந்தைக்குக் கொதிக்கலாம், குளிர்ந்தும் போகலாம். அழுது ஊரைக் கூட்டலாம், சத்தமே இல்லாமலும் கிடக்கலாம். சத்தமில்லாத பிள்ளைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளை என்றால் இதைப் பாருங்கள். முந்தி குடித்தது போல் குடிக்கிறதா? கமக்கட்டில் 37.5 செல்சியசுக்கு மேலா, 35.5க்குக் கீழா? பரனைற் கணக்கில் 99.5, 95.9. தட்டினால், பாதத்தைச் சொறிந்தால்தான் அசைகிறதா? வலிப்பு வந்ததா? அதோடு மூச்சை எண்ணுங்கள். சட்டையை உயர்த்திவிட்டு, பிள்ளை அமைதியாக இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதைப் போனில் நேரம் வைத்து முழு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு பிழையாகிவிடும், ஏனென்றால் சின்னப் பிள்ளை மூச்சை விட்டுவிட்டுத்தான் எடுக்கும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணை எட்டினாலே வேகமூச்சு. நெஞ்சுக்குக் கீழே விலா உள்ளே இழுபட்டால் எண்ணிக்கொண்டு நிற்கவும் வேண்டாம். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

மூன்று மாதத்துக்குக் கீழே 38க்கு மேல் காய்ச்சல் வந்தால், பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிதான். அந்த வயதில் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்றுக்கு உள்ளே கடுமையான பற்றீரியாத் தொற்று இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு சலத்தொற்று. வெளியே ஒன்றும் தெரியாது. இருமல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை, வெறும் காய்ச்சல் மட்டும். சில பிள்ளைக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் சத்தியும், நிறை ஏறாமையும் மட்டும் இருக்கும். முதல் வயதில் சுன்னத்துச் செய்யாத ஆண் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் அதிகம். அதற்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், மலச்சிக்கல் இருந்தால் இன்னும் அதிகம். பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் போகப் பயந்து சலத்தை அடக்கி வைக்கும் பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மருந்து பாதி, கக்கூசுக்கு ஒரு கொண்டி போட்டுக் கொடுப்பது மீதி.

ஆஸ்பத்திரியில் செய்வதைப் பார்த்துத் தாய்மார் மிரள்வதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இரத்தம் எடுப்பார்கள். அதில் ஒரு போத்தல் கிருமி வளர்க்கப் போகும், பதில் வர இரண்டு நாளாவது எடுக்கும். அதுவரை ஊசி போடாமல் காத்திருக்க முடியாது என்பதால் இரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். "என்ன வருத்தம் என்று தெரியாமலே ஊசி போடுகிறார்கள்" என்று சண்டைக்கு வந்த தகப்பன்மார் உண்டு. உண்மைதான், தெரியாமல்தான் போடுகிறார்கள். தெரிந்த பிறகு போட்டால் பிந்திவிடும். கிருமி வளராமல் பிள்ளையும் தேறினால் மருந்தை நிறுத்துவார்கள்.

சலத்துக்குச் சுத்தமான குப்பி தருவார்கள். கழுவித் துடைத்துவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் குப்பியோடு நின்று களைத்த தாய்மாருக்கு நான் சொல்லும் வித்தை ஒன்று: பச்சைத் தண்ணீரில் நனைத்த துணித்துண்டால் தொப்புளுக்குக் கீழே மெல்ல மெல்லத் தடவுங்கள். பல பிள்ளைகள் ஐந்து நிமிஷத்துக்குள் பெய்துவிடும். பம்பசைப் பிழிந்து கொண்டுவராதீர்கள், அதில் வளர்வது தோல் கிருமிதான்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பதற்குத்தான் சம்மதம் கொடுக்கப் பயப்படுகிறார்கள். கால் வராமல் போய்விடும் என்று ஒரு கதை எல்லா வார்ட்டிலும் சுற்றுகிறது. முள்ளந்தண்டு நரம்பு முடிந்த இடத்துக்குக் கீழேதான் குத்துகிறார்கள். மூளைக்காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று அறிய வேறு நல்ல வழி இல்லை. கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்க வேண்டும் என்றில்லை, உச்சிக்குழி பொங்கி நிற்பது மட்டும் தெரியலாம், அதுவும் தெரியாமல் போகலாம்.

இங்கே ஒரு மனக்குறை எனக்கு உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாமசியில் போய்ச் சொன்னால் பாணி மருந்து ஒன்றைக் கையில் தந்து அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. போன தடவை மிஞ்சிய அரைப் போத்தலை பிரிட்ஜ் கதவில் வைத்திருந்து, அதைக் குலுக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. தூளில் தண்ணீர் கலந்த அன்டிபயோட்டிக் பாணி ஒன்றிரண்டு கிழமைக்கு மேல் வேலைக்கு ஆகாது. அதைவிடப் பெரிய கரைச்சல், இரண்டு கரண்டி கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்தால் இரத்தத்திலும் சலத்திலும் கிருமி வளராது. உள்ளே கிருமி சாகவும் இல்லை, வெளியே தெரியவும் இல்லை. டொக்டர் இருட்டில் கைவிட்டுத் தேட வேண்டியதுதான். கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை. அப்புறம், மூக்குச் சளி பச்சையாக வந்தால் பற்றீரியா என்பது பிழை. தடிமன் நாலைந்து நாளாகும்போது சளி தானாகவே பச்சையாகும், அதற்கு அன்டிபயோட்டிக் தேவையில்லை. காய்ச்சலுக்கு நிறைக்கு அளந்த பனடோல் போதும். டெங்கு திரியும் எங்கள் ஊரில் புரூபன், குதத்தில் வைக்கும் டைக்குளோபினாக் போன்றவற்றைத் தொடவே வேண்டாம், இரத்தக்கசிவை அவை கூட்டும்.

வீட்டு வழக்கங்களில் எதை விடுவது, எதை வைப்பது என்று மாமிமாரோடு வாதாடத் தேவையில்லை. வசம்பு வளையல் கையில் கிடக்கட்டும், கண்ணூறுக்குப் பொட்டும் வைக்கட்டும். ஓதிய தண்ணீரைப் பிள்ளையின் வாய்க்குள் விடாமல், தெளித்தால் போதும். ஆனால் தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல், பவுடர் ஒன்றும் வேண்டாம். காய்ந்தபடி விட்டால் அது தானாக விழும். அடியில் சிவந்து, சிவப்பு வயிற்றுத் தோலுக்குப் பரவினால் காட்டுங்கள். உரைமருந்து உரைக்கும் கல்லையும் அதைக் கழுவிய கிணற்றுத் தண்ணீரையும் நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். "கிரந்தி" என்ற சொல்லுக்கும் கொஞ்சம் அவதானம் வேண்டும். சாதாரண வேர்க்குருவும் கிரந்தி, சீழ்க் கொப்புளமும் கிரந்தி, பிள்ளை நீலம் பாரித்தாலும் கிரந்தி என்றால் எது எது என்று எப்படித் தெரியும்? சீழ் இருந்தாலோ நிறம் மாறினாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

மீன்பாடும் தேன்நாடு என்று பெயர் வாங்கிய ஊரில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம். நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம். எவ்வளவு சுத்தமான காட்டுத்தேன் என்றாலும் அதில் குளொஸ்ரிடியம் பொற்றுலினம் என்ற பற்றீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடலில் அது முளைக்காது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து, நஞ்சு சுரந்து, பிள்ளையைத் துவளச் செய்யும். அரிதான நோய், அதற்காக விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். நான் கண்ட எந்த மருந்துக்கும் அந்தச் சக்தி இல்லை. சூப்பிப் போத்தலை எவ்வளவு அவித்தாலும் அந்த ரப்பர் மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

தடுப்பூசியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்ததும் பீசீஜி, 2, 4, 6 மாதத்தில் ஐங்கூட்டு ஊசி. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்பு ஆகிய மூன்றும் பற்றீரியா நோய்கள், அவற்றோடு ஹிப் என்ற கிருமிக்கும் அதிலேயே காப்பு. 2008இல் ஹிப் ஊசி வருமுன் அந்தக் கிருமி பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நியூமோனியாவும் தந்துகொண்டிருந்தது. தடிமன் என்று தள்ளிப்போட்ட ஊசியைத் தடிமன் மாறியதும் மறந்துவிடுகிறார்கள். சும்மா தடிமனுக்கு ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. நியூமோனியாவுக்கு இன்னொரு வாசல் புகை: விறகடுப்புக்குப் பக்கத்தில் தொட்டில், இரவு முழுக்க நுளம்புச் சுருள், தகப்பனின் சிகரட். தொட்டிலுக்கு நுளம்புவலை கட்டுங்கள், சுருளை அணையுங்கள்.

இனி மூத்தவன். மாரிச் சிரங்கு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வெள்ளத்தில் விளையாடிக் கீறிய இடத்திலோ, சொறிப்பூச்சி கடித்துச் சொறிந்த இடத்திலோ ஸ்டபிலோகொக்கஸ், ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிகள் ஏறித் தேன் நிறப் பொருக்கு வருகிறது. ஒவ்வொரு மாரிக்கும் வந்தால் அடியில் சொறி இருக்கிறதா என்று பாருங்கள். விரல் இடுக்கில், இரவில் கடி, வீட்டில் மற்றவர்களுக்கும் கடி என்றால் அதுதான். ஒரே நாளில் வீட்டில் எல்லாரும் மருந்து பூசாமல் பிள்ளைக்கு மட்டும் பூசினால் திரும்பத் திரும்ப வரும்.

சிரங்கு காய்ந்து மூன்று முதல் ஆறு கிழமைக்குள் ஒரு காலை எழும்பும்போது கண்மடல் வீங்கியிருந்தால், சலம் பிளேன்ரீ நிறத்தில் போனால், அன்றைக்கே கொண்டுபோங்கள். சிறுநீரக அழற்சி. ஒரு பையனை, "நல்லா முகம் வச்சிட்டான், இப்பதான் பிள்ளை உடம்பு பிடிக்குது" என்று சந்தோஷப்பட்டு நாலு நாள் வைத்திருந்தார்கள். வலிப்போடு வந்தான், பிரஷர் ஏறியிருந்தது. தொண்டை நோவுக்குப் பிறகும் இது வரும், அது ஒன்று முதல் மூன்று கிழமையில்.

வெள்ளம் வடிந்த சேற்றில் வேறு கிருமிகளும் இருக்கின்றன. எலிக்காய்ச்சல் எல்லாருக்கும் தெரியும். மெலியோய்டோசிஸ் என்று இன்னொன்று, வயல் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் இருப்பது. எங்கள் மாவட்டத்திலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். பெரியவர்களில் சீனி வருத்தம் உள்ளவரைத்தான் அதிகம் பிடிக்கும், பிள்ளைகளுக்கோ ஒரு காரணமும் இல்லாமலே சீழ்க்கட்டியாக வரலாம். வழக்கமான அன்டிபயோட்டிக் பலதுக்கு அது மசியாது. ஆகவே மாரி காலத்துச் சீழ்க்கட்டி மருந்துக்கு ஆறாவிட்டால், பிள்ளை சேற்றில் இறங்கியது என்ற தகவலை டொக்டரிடம் சொல்லுங்கள், அதைக் கேட்டுத்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார். நெருப்புக் காய்ச்சலுக்கு, அதாவது தைபொயிட்டுக்கு, கிணற்றைப் பாருங்கள். வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்றைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யாமல் குடிக்க எடுக்கக் கூடாது, சுத்தம் செய்தாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அடுத்த கிளினிக்கில் சலப் பரிசோதனை செய்தார்களா என்று அட்டையைப் பாருங்கள். கர்ப்பத்தில் சலத்தொற்று நோவில்லாமலும் இருக்கும், கவனிக்காமல் விட்டால் மாதம் நிறையுமுன் வலி வரலாம். பன்னீர்க்குடம் உடைந்தால் வலி வரும்வரை வீட்டில் இருக்காதீர்கள். உடைந்த நேரத்தை அட்டையில் எழுதிக்கொண்டு வெளிக்கிடுங்கள், வார்ட்டில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். மண்டூரில் இருப்பதால் இரவில் வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதையை (மிதவைப் படகை) நம்பியிருக்காமல், வெல்லாவெளி வழியாகப் பட்டிருப்புப் பாலத்தால் போக ஒரு வாகனத்துக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

மூத்தவனைப் பிள்ளையிடமிருந்து பிரிக்க வேண்டாம், அது அவனுக்கும் நல்லதில்லை. சிரங்கை இப்போதே காட்டி மாற்றுங்கள், பிள்ளை வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவனுக்கென்று தனித் துவாய், நகத்தை ஒட்ட வெட்டுதல், பொருக்கு இருந்தால் துணியால் மூடுதல். பிள்ளையைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லும்போது, பார்க்க வரும் மாமாமார், சித்திமார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லுங்கள். கொஞ்ச ஆசைப்பட்டால் முகத்தில் வேண்டாம், காலில் கொஞ்சட்டும்.